தப்பின மீன் கணக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் பற்றி மூன்று, மரவள்ளி மாவுப்பூச்சி பற்றி இரண்டு, சொட்டுநீர்க் குழாயை எலி கடிப்பது பற்றி ஒன்று. வழக்கம்போலத்தான். மீனைப் பற்றி வந்தது ஒன்றே ஒன்று. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது கொஞ்சம் அவசரம்.

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “ஐயா, எங்கள் தோட்டத்தில் 10 சென்ட்டில் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஆனி மாதம் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து 1,000 குஞ்சு விட்டோம். தினமும் ஒரு கூடை சாணம், தவிடு, மீதிச் சோறு போடுகிறோம். தண்ணீர் நல்ல பச்சையாக இருக்கிறது. பத்து நாளாக விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. போன வாரம் இரண்டு நாள் மூடாப்புப் போட்டிருந்தது. மறுநாள் காலையில் 23 மீன் செத்து மிதந்தது. எல்லாம் பெரிய மீன். அதற்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்தில் கத்திரிக்கு மருந்தடித்தார்கள். அவர்கள்தான் குட்டையில் மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று என் மாமனார் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். அவர்கள் எங்களுக்குப் பங்காளி. தையில் அந்த வீட்டில் கல்யாணம். என்ன செய்வது?”

அம்மா, இதைப் படித்தவுடன் சாணம் போடுவதை நிறுத்துங்கள். தவிடும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே கிணற்று மோட்டாரைப் போட்டு, தண்ணீர் நாலடி உயரத்திலிருந்து குட்டையில் விழுகிற மாதிரி விடியும் வரை விடுங்கள். கிணற்றில் தண்ணீர் போதாவிட்டால் குட்டைத் தண்ணீரையே இறைத்து குட்டையிலேயே பீய்ச்சி விடுங்கள். மாமனாரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் என் அப்புச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நான் படித்தது பி.எஸ்சி. வேளாண்மை. மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்குமேல் அவரிடம் கற்றது. அவர் படித்தது மூணாம் கிளாஸ்.

எங்கள் சொந்த ஊர் உங்கள் பக்கம்தான். வானம் பார்த்த பூமி. சோளம், ஆமணக்கு, நிலக்கடலை. தண்ணீர் என்றால் அறுபதடிக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற வட்டம். அம்மா பிறந்த ஊரோ ஜேடர்பாளையத்துக்கும் வேலூருக்கும் நடுவில், ராஜவாய்க்கால் கரையில். (நம்ம பரமத்தி வேலூரைச் சொல்கிறேன். வடக்கே இருக்கிற வேலூர் இல்லை.) ஜேடர்பாளையம் படுகை அணையில் காவேரியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் அது. இரு கரையும் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, நெல். முழுப்பரீட்சை முடிந்த அன்றே பஸ் ஏற்றிவிடுவார்கள். வேலூரில் இறங்கினால் அப்புச்சி நிற்பார், கையில் மூங்கில் தூண்டிலோடு. பேரனை அழைத்துப்போக வந்தாரா, வழியில் மீன் பிடிக்க வந்த இடத்தில் பேரன் வந்து சேர்ந்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அப்புச்சி தோட்டத்தில் வேலை செய்யும்போது சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கோவணமும் தலைத்துண்டும்தான். மீன் பிடிக்கப் போகும்போது மட்டும் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போடுவார். பட்டன்கூட ஒன்றுவிடாமல் போடுவார். ஏனென்று கேட்டதற்கு, “ஒறம்பரை ஊட்டுக்குப் போறவன் சட்டையில்லாமப் போவானா சாமி? அவங்க ஊட்டுக்குள்ள இருக்கறவங்களை நாமதானே வெளிய கூப்படறோம்?” என்றார். மீனிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். “வாங்க, வாங்க, கூச்சப்படாதீங்க, மண்புழு நேத்துப் புடிச்சதுதானுங்க” என்று தக்கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாயியை இந்த மரியாதையோடு அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அம்மாயியே இதைச் சொல்லிக் காட்டுவார். “அந்தக் கெண்டையாப் பொறந்திருந்தா எனக்கும் ஒரு ‘வாங்க’ கெடச்சிருக்கும்.”

தூண்டில் கழி கொல்லிமலைக் கல்மூங்கில். தக்கை, காய்ந்த சோளத்தட்டின் நெட்டி. தங்கூஸ் நரம்பும் முள்ளும் வேலூர்ச் சந்தையில் வாங்குவது. இரைதான் அவருடைய ஆராய்ச்சி. கெண்டைக்குக் கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. கெளுத்திக்குக் கோழிக் குடல், அதுவும் ஒருநாள் வெயிலில் வைத்தது. அதை அவர் வைத்திருந்த டப்பாவும் அம்மாயியின் சீரக டப்பாவும் ஒரே மாதிரி இருந்தது பற்றி ஒரு கதை உண்டு, சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் விடுகிறேன்.

ஒரு முறை வீசும்போது முள் பின்னால் போய் அவருடைய இடது காதிலேயே மாட்டிக்கொண்டது. மடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. முள்ளுக்கு எதிர்ச்செதிள் உண்டல்லவா, இழுத்தால் வராது. அன்றைக்கு மதியம் பொத்தனூரில் ஒரு கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பந்தி போய்விடும். நரம்பை மட்டும் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டார், என்னையும் கூட்டிக்கொண்டு. வலது காதில் ஏற்கெனவே பழைய சிவப்புக்கல் கடுக்கன் உண்டு. மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, “என்னங்க மாமா, ஒத்தைக் காதுல புது மாதிரியா இருக்குது?” என்றார். “சிங்கப்பூர் டிசைனுங்க மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் பதினொரு ரூபாய் மொய் எழுதினார். சாயங்காலம் டாக்டர் அதைக் குறடால் நறுக்கி எடுத்தபிறகு, முள்ளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு 11 வயசு இருக்கும்போது நடந்தது இன்னொன்று. கோடை. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிற சமயம். ராத்திரி கெளுத்திக்குப் போயிருந்தோம். நல்ல இருட்டு. அப்புச்சி வீசிய தூண்டில் எதிலோ மாட்டி, இழுத்தால் இழுபடுகிறது, விட்டால் போகிறது. “சாமி, இது வாளை. அஞ்சு கிலோவுக்குக் கொறையாது” என்றார். அவர் இரண்டடி இழுத்தால் அது ஓரடி இழுக்கிறது. நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எதிர்க்கரையில் வாழைக்குள்ளிருந்து ஒரு குரல், நடுங்கிக்கொண்டு, “கருப்பண்ண சாமி, தெரியாமச் செஞ்சுட்டனுங்க, இந்த ஒரு தடவை உட்டுருங்க” என்றது. அப்புச்சி ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “எத்தனை நாளா?” என்றார். “மூணு நாளுங்க சாமி.” வாய்க்காலுக்குள் திருட்டுத்தனமாக ஆயில் இன்ஜின் ஓஸைப் போட்டுத் தண்ணீர் எடுக்க வந்தவர் அவர். எங்கள் முள் ஓஸ் முனையில் இருந்த புட்வால்வில் மாட்டியிருந்தது. அவர் ஓஸைக் கரைக்கு இழுக்க, நாங்கள் இக்கட்டிலிருந்து இழுக்க. மறுநாள் அவர் கோயிலில் ஒரு சேவல் விட்டார். அப்புச்சி அந்தக் கறிக்குக் கூசாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். கடைமடைக்காரர்களுக்கு அந்தக் கோடை முழுதும் தண்ணீர் ஒழுங்காகப் போனது.

விளையாட்டுப் பேச்சு இவ்வளவு இருந்தாலும், மீன் விஷயத்தில் அவருக்குச் சில கட்டு உண்டு. ஆடியில் புதுத்தண்ணீர் வந்தவுடன் மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மதகுப் பக்கமாக ஏறும். ஊரே கூடையும் வலையுமாக நிற்கும். அப்புச்சி அந்த ஒரு வாரம் தூண்டிலைப் பரண்மேல் போட்டுவிடுவார். “எல்லாம் புள்ளத்தாச்சிக. அதுகளை வழியில மறிக்கறதா?” என்பார். விரால் குஞ்சு பொரித்தால் சிவப்புச் சிவப்பாகக் கூட்டமாகத் திரியும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது ஒரு தவளையைக் கட்டிப் போட்டால் தாய் பாய்ந்து கவ்வும், பிடிப்பது சுலபம். அவர் போட்டதில்லை. தாய் போனால் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன் அரைநாளில் தின்று தீர்த்துவிடும் என்பது அவருக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். புரட்டாசியில் வீட்டில் கவுச்சி கிடையாது. ஆனால் சும்மா இருக்கமாட்டார். பிடிப்பார், பார்ப்பார், “போயிட்டு ஐப்பசியில வாங்க” என்று விட்டுவிடுவார். விரதம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்பது வாதம்.

ஒரு தடவை மேட்டூருக்குக் கூட்டிப்போனார். 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் திறந்த அணை என்று அங்கிருந்த பலகையை நான் வாசித்துக் காட்ட, அவர் கவனமெல்லாம் பரிசலில் வந்து இறங்கிய மீன்மேல்தான். என் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு கட்லா. கட்லா நம் காவேரிக்குச் சொந்த மீன் இல்லை, கோதாவரிப் பக்கத்திலிருந்து மீன்துறை கொண்டுவந்து விட்டு வளர்ந்தது என்று அங்கே ஒருவர் சொன்னார். அப்புச்சி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஊட்டோட மாப்பிள்ளையாட்ட இருக்கான். வந்த எடத்துல நல்லா உருண்டு தெரண்டுட்டான்” என்றார். ஜிலேபிக்கு அவரிடம் இந்த மரியாதைகூடக் கிடையாது. அது ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்கு நம் ஊர் ஏரி, குளம், கல்குவாரிக் குட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. “நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்த ஒறம்பரை சாமி, புள்ளை குட்டி எல்லாம் இங்கயே பெத்துக்கிட்டு நம்ம கட்டல்ல படுத்துக்கிச்சு.”

இனி அந்த நோட்டுப் புத்தகம். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் போய்வந்த காலத்தில் வாங்கிய நீளமான கணக்கு நோட்டு. அதில் அவர் பிடித்த மீனை எழுதவில்லை. “தின்னுட்டதுக்கு எதுக்குக் கணக்கு?” தப்பின மீன் மட்டும்தான். தேதி, மீன், இடம், உத்தேச எடை, எப்படித் தப்பியது என்று ஐந்து பத்தி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார். வாளை, மதகடி, 3 கிலோ, நரம்பு அறுந்தது, தப்பு கடைக்காரன்மேல். விரால், கொடிக்கால் ஓரம், 2 கிலோ, கை நழுவியது, தப்பு என்மேல். கெண்டை, அரைக் கிலோ, பேரன் தும்மினான்.

இதில் ஒரு மோசடியை நான் எட்டாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். போன வருஷம் 2 கிலோ என்று இருந்த விராலை அடித்து 3 கிலோ என்று எழுதியிருந்தார். பல வரிகளில் இப்படி அடித்தல் திருத்தல். கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சப்படாமல், “தண்ணிக்குள்ள அது சும்மாவா இருக்கும்? வருஷத்துக்கு ஒரு கிலோ ஏறாதா?” என்றார். பாக்கிக்கு வட்டி போடுகிற மாதிரி, தப்பிய மீன் எல்லாவற்றுக்கும் சித்திரை முதல் தேதி அன்று உட்கார்ந்து எடை ஏற்றுவார்.

கோயம்புத்தூரில் படித்து முடித்து நான் வேலைக்கு வந்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை, எல்லாம் சேலம்தான். 1992-ல் ஒரு நெல் பட்டத்தில் அந்த வாய்க்கால் பகுதிக்கே போகவேண்டி வந்தது. இலைச்சுருட்டுப் புழு. பயிர் வெளுத்துப்போய்க் கிடந்தது. புது அதிகாரி, சொந்த அம்மாவின் ஊர், மாமன் மச்சான் எல்லாரும் பார்க்கிறார்கள். களத்தில் எல்லாரையும் கூட்டி எண்டோசல்பான் லிட்டருக்கு 2 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள், மூக்கில் துணி கட்டுங்கள் என்று மணியடித்த மாதிரி சொன்னேன். அன்றைக்கு அதுதான் நடைமுறையில் இருந்த மருந்து. ஆறு தெளிப்பான் ஒரே நாளில் இறங்கியது. அப்புச்சி வரப்பில் உட்கார்ந்து, பேரன் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், “நம்ம புள்ளதானுங்க” என்று இரண்டு தடவை சொன்னதும் என் காதில் விழுந்தது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று. அடித்து முடித்தபிறகு தெளிப்பானை எங்கே கழுவுவது என்று சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. ஆறு பேரும் கொம்பு வாய்க்காலில் இறங்கிக் கழுவினார்கள். மீதி மருந்தையும் அங்கேயே கவிழ்த்தார்கள். அந்தக் கொம்பு வாய்க்கால் போய் வடிகிற பள்ளத்தில் ஒரு மடு உண்டு. கோடையிலும் வற்றாது. அப்புச்சியின் நோட்டில் பாதி வரிக்கு இடம் அந்த மடுதான்.

மறுநாள் காலை நான் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்புச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தலைத்துண்டை மூட்டையாகக் கட்டித் தூக்கி வந்தார். வாசலில் வாழை இலையைப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கெளுத்தி, குரவை, ஆரால், ஜிலேபி, சுண்டுவிரல் அளவு அயிரை, நான் இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு விரால். எண்ணிக்கொண்டே அடுக்கினார். 61.

“ஏஞ்சாமி, நானும் அறுபது வருசமா வாய்க்காலுக்குப் போறேன். ஒரே நாள்ல இத்தனை நான் புடிச்சதேயில்ல. படிச்சவன் படிச்சவன்தான்” என்றார்.

திட்டவில்லை. கேலி மாதிரியும் இல்லை. அம்மாயி உள்ளே போய்விட்டார். பூனையும் காக்கையும் தின்றுவிடக்கூடாது என்று தென்னைக்குத் தள்ளி இரண்டடிக் குழி வெட்டி நானும் அவரும் புதைத்தோம். விராலை அவரே வைத்தார். “இவரு நோட்டுல இருக்கறவரு. ஏழு கிலோன்னு எழுதி வெச்சிருந்தேன், மூணுதான் இருப்பாராட்ட இருக்குது” என்று சொன்னார்.

அன்று மத்தியானம் நான் அந்த மடுவுக்குப் போய்ப் பார்த்தேன். தவளைக்குஞ்சு இல்லை. தண்ணீர்மேல் ஓடுகிற பூச்சி இல்லை. கல்லைப் புரட்டினால் எறால்குஞ்சு செத்துக் கிடந்தது. சாயங்காலம் ஆறு பேரையும் மறுபடி கூட்டி, கழுவின தண்ணீரை வரப்பில், பயிர் இல்லாத மேட்டில் குழி வெட்டி ஊற்றச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேலான சர்வீசில் எந்தக் கூட்டத்திலும், மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கழுவுகிற இடத்தைச் சொல்வது அன்றைக்கு ஆரம்பித்தது. எண்டோசல்பானை 2011-ல் சுப்ரீம் கோர்ட் தடை செய்தது. ஆனால் இன்று நாம் கத்திரிக்கும் பருத்திக்கும் அடிக்கிற சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டு மருந்துகளும் மீனுக்குக் கொடிய விஷம். மாட்டையும் மனிதனையும் தொடாத அளவுகூட மீனைக் கொன்றுவிடும். டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

இப்போது ராசிபுரம் சகோதரிக்கு.

விஷத்தில் செத்த மீனை நான் எண்ணிப் புதைத்திருக்கிறேன் அம்மா. அதனால் சொல்கிறேன். விஷம் நேரம் பார்ப்பதில்லை, மத்தியானமும் கொல்லும். பெரிது சிறிது பார்க்காது, குஞ்சுதான் முதலில் போகும். தவளைக்குஞ்சு, தண்ணீர்ப்பூச்சி எல்லாம் சேர்ந்து சாகும். சாவதற்கு முன் மீன் தாறுமாறாகச் சுழன்று ஓடும். உங்கள் குட்டையில் என்ன நடந்தது? விடியற்காலையில் மட்டும். மூடாப்புப் போட்ட மறுநாள். செத்தது எல்லாம் பெரியது. மேலே வந்து வாயைத் திறக்கிறது. பத்து நாளாகவே நடக்கிறது, மருந்தடித்ததோ ஒருநாள்தான். அப்புச்சி இதைப் பார்த்திருந்தால், “அவங்களுக்கு மூச்சு முட்டுது” என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

தண்ணீரில் இருக்கிற பச்சைப்பாசி பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு பிராணவாயுவை விடும். ராத்திரியில் விடாது, மீனோடு சேர்ந்து அதுவும் உறிஞ்சும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. முந்தின நாள் மேகமாக இருந்தால் சேமிப்பும் கிடையாது. சாணம் மட்குவதற்கும் காற்று வேண்டும். பெரிய மீனுக்குத் தேவை அதிகம், அதனால் அதுதான் முதலில் சாகிறது.

சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள். முழங்கை மடங்கும் வரை கையைத் தண்ணீருக்குள் நேராக விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவாக இருக்கிறது. முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, ஒரு கூடை சாணம் அங்கேதான் வேலை செய்கிறது. மாமனாரையும் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குட்டை ஓரத்தில் தவளைக்குஞ்சும் பூச்சியும் உயிரோடு ஓடுகின்றனவா என்று அவரே பார்க்கட்டும்.

இன்னொரு காரணம் நீங்கள் விட்ட எண்ணிக்கை. ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு என்பது கணக்கு. சென்ட்டுக்கு 20 முதல் 40 வரும். பத்து சென்ட்டில் அதிகபட்சம் 400. நீங்கள் 1,000 விட்டிருக்கிறீர்கள். குஞ்சாக இருந்தபோது தெரியாது, வளர வளர இடம் போதாது. அரைக்கிலோ தாண்டியதை எல்லாம் இப்போதே வலை போட்டு எடுத்து விற்றுவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் அதிகம், உள்ளூரில் விலை கொஞ்சம் இறங்கும். இருந்தாலும் செத்து மிதப்பதற்கு இது மேல். குட்டைத் தண்ணீரில் கால்பங்கை வயலுக்குப் பாய்ச்சிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள். மூடாப்பு நாட்களில் எதுவுமே போடவேண்டாம், மீன் ஒருநாள் பட்டினியில் சாகாது. வலையில் ஜிலேபி வந்தால் திருப்பி விடாதீர்கள், அது பெருகினால் நீங்கள் போடுகிற தவிடெல்லாம் அதற்குத்தான். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன்.

தண்ணீரைச் சோதிக்க வேண்டுமானால் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, சேலம் சந்தியூரில் இருக்கிற நிலையத்துக்கோ போய்க் கேளுங்கள். பங்காளி வீட்டில் தெளிப்பானை எங்கே கழுவுகிறார்கள் என்பதையும் ஒரு நல்ல நாளில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சண்டையாக வேண்டாம், நாலு மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புச்சி 1998-ல் போய்ச் சேர்ந்தார். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 1992-ல் அந்தத் தேதிக்கு நேரே மீன் என்ற பத்தியில் “எல்லாம்” என்றும், இடம் “மடு” என்றும், அடுத்து “61, பேரன் பிடிச்சது” என்றும் எழுதியிருக்கிறார். எப்படித் தப்பியது என்ற பத்தியில் “தப்பலை”. அதற்குக் கீழே இரண்டு வருஷம் எதுவும் இல்லை. 1994 ஆடிக்குப் பிறகு ஒரு வரி வருகிறது: கெளுத்தி, மடு, கால் கிலோ, நானே விட்டுட்டேன்.

போன சித்திரை முதல் தேதி அந்தக் கெளுத்திக்கு எடை ஏற்றினேன். இப்போது முப்பது கிலோவுக்கு மேல் நிற்கிறது. வெண்டை கேட்ட மூன்று பேரும் மன்னிக்கவும், இடம் தீர்ந்துவிட்டது. மஞ்சள் நரம்பு அடுத்த இதழில். அதுவரை நோய் தாக்கிய செடியைப் பிடுங்கிப் புதையுங்கள், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், கடைக்காரர் கொடுக்கிற எதையும் கலந்து அடித்துவிடாதீர்கள்.